எமோசி பேசிய மதியங்கள்

எங்கள் தீவின் லாமி மேட்டில் எமோசியைவிடக் குறைவாகப் பேசுகிற ஆள் கிடையாது. யங்கோனா வேர்ச்சாறு குடிக்க வட்டமாக உட்கார்ந்தால் கை தட்டிச் சிரட்டையை வாங்குவான், ஒரே மூச்சில் குடிப்பான், மறுபடி கை தட்டுவான். அவ்வளவுதான். மற்றவர்கள் விடிய விடியக் கதை பேசிச் சிரிக்கும்போது அவனும் சிரிப்பான், ஆனால் தன் பங்குக்கு ஒரு கதை சொல்ல மாட்டான். அவன் மனைவி வாசெமதாவுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவன் ஒரு தோளைத் தாழ்த்தி நின்று வெல்டிங் வேலை செய்வான்; முன்னறையில் அவள் பள்ளிச் சீருடை தைப்பாள். அவனுடைய மெஷின் ரீங்காரம் போடும், அவளுடைய மெஷின் கடகடக்கும். இருபத்தைந்து வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது. மகள் அசெனதா கல்யாணமாகி அடுத்த தீவில் இருக்கும் லம்பாசாவுக்குப் போனாள்.

பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். அலுமினியம் ஒட்டத் தெரிந்தவன் கிடைத்தால் போதும் என்று தலைநகர் சுவாவில் பரீட்சை வைத்தார்கள். எமோசி தேறினான். பெர்த்துக்குத் தெற்கே ஒரு கப்பல் கட்டும் தளம். மூன்று வருஷ ஒப்பந்தம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஊருக்கு வரலாம்.

அங்கே அவனுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை தொடங்கும். அதனால் தினமும் காலையில் கூப்பிடுவான். இங்கே அப்போது மதியம் ஒரு மணி ஆகியிருக்கும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"இனிமேதான். மழையா?"

"மழைதான்."

"சரி."

அதற்கப்புறம் அவன் மூச்சு விடுவது கேட்கும். அவளும் எதையாவது சொல்லலாம் என்று தேடுவாள். நீலத் துணி தீர்ந்துபோனது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது. எல்லாவற்றுக்கும் "ம்" வரும். "வச்சிடறேன்" என்பான். திரை அணைந்ததும் அவள் சற்று நேரம் அதில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பேசாத மனுஷன் வீட்டுல இருந்தா இருக்கான்னு தெரியும். அங்கே போயும் பேசலைன்னா எங்கேன்னு தேடறது?" என்று சர்ச் பாட்டுப் பயிற்சி முடிந்து நடந்து வரும்போது என்னிடம் கேட்டாள்.

முதல் வருஷம் பாதி போயிருக்கும். ஒரு நாள் லிவாய் ஒரு அலுமினியப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறி வந்தான். எமோசியின் சித்தப்பா மகன்; சொந்தப் படகில் மீன் பிடிக்கிறவன்; வாய்க்குப் பூட்டே இல்லாதவன். அவன் படகில் உட்காரும் பலகையைத் தாங்குகிற பட்டை நடுவில் விரிசல் விட்டிருந்தது.

"மதினி, அண்ணன் எப்போ வருவான்?"

"கிறிஸ்துமஸுக்கு."

"அதுவரைக்கும் நான் நின்னுக்கிட்டேவா படகு ஓட்டறது?"

"உங்க கனத்துக்குப் பலகை உடையாம என்ன செய்யும்? சோறு குறைங்க."

"நீங்களே ஒட்டிக் குடுங்களேன். துணியைத் தைக்கறீங்க, தகரத்தைத் தைக்க மாட்டீங்களா?"

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். பட்டையைக் கொட்டகை வாசலில் சாத்திவிட்டுப் போய்விட்டான். மறுநாள் மதியம், சாப்பாடும் மழையும் விசாரித்து முடிந்து, "வச்சிடறேன்" வருவதற்கு முன்னால், பேச்சுக்கு வேறு எதுவும் கிடைக்காமல் அவள் கேட்டாள்.

"உன் மெஷினை எப்படிப் போடறது?"

அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

"எந்த மெஷின்?"

"கொட்டகையில இருக்கே. லிவாய் பட்டை கொண்டாந்திருக்கான்."

"நீ போடப் போறியா?"

"சும்மா கேட்டேன்."

அன்றைக்கு எமோசி ஒரு மணி நேரம் பேசினான். அவன் குரல் அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதே இல்லை என்பதால் முதலில் அவள் சொற்களைக் கவனிக்கவே இல்லை, குரலைத்தான் கேட்டாள். அலுமினியத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறதாம். உள்ளே இருக்கும் உலோகம் உருகிய பிறகும் அந்தத் தோல் உருகாதாம். அதை முதலில் பிரஷ் போட்டுக் கிழிக்க வேண்டுமாம். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். இது சிவக்காது, நிறமே மாறாது, திடீரென்று பொத்தென்று கீழே விழும். இதையெல்லாம் அவன் அவசரமில்லாமல், ரசித்து, நடுநடுவே "புரியுதா வாசே?" என்று கேட்டுக் கேட்டுச் சொன்னான். சாப்பிட வரச்சொல்லிப் பின்னால் யாரோ கத்தியதும்தான் நிறுத்தினான்.

மறுநாள் காலையிலேயே அவள் கொட்டகையைத் திறந்தாள்.

முதல் வெல்டு கரி. புகை, பட்பட்டென்று வெடிப்பு, அடுப்படியில் கருகிய சட்டி போல ஒரு கோடு. படம் எடுத்து அனுப்பினாள். மதியம் அவன் பார்த்தவுடன் கேட்டான்.

"ஆர்கான் கேஸ் சிலிண்டரைத் திறந்தியா?"

உருகுகிற இடத்தில் காற்றுப் படாமல் காக்கிற வாயு அது; அவள் திறக்கவில்லை. எமோசி சிரித்தான். வாய்விட்டு, இருமல் வரும்வரை.

அப்படித் தொடங்கியது. காலையில் இரண்டு மணி நேரம் கொட்டகை, மதியம் போன், அதற்குப் பிறகு தையல். அவன் விட்டுச் சென்ற துண்டுத் தகடுகள் மூலையில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்துப் படம் அனுப்புவாள். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நோய் கண்டுபிடிக்கிற டாக்டர் மாதிரி சொல்லுவான்.

"முனை தொட்டுடுச்சு. டார்ச் நுனியில இருக்கற டங்ஸ்டன் ஊசி தகட்டுல பட்டா அவ்வளவுதான், அழுக்காயிடும். தேய்ச்சுக் கூராக்கிட்டு மறுபடி போடு. அழுக்கு முனையோட ஓட்டாதே."

"ஒட்டற கம்பி, உருகின உலோகக் குட்டையில போய்ச் சேரறதுக்கு முன்னாடியே உருண்டையா உருகி நிக்குது."

"டார்ச்சைத் தூரத்துல பிடிக்கறே. கிட்டக் கொண்டா. ஆனா தொடாதே."

"கிட்டயும் வேணும், தொடவும் கூடாது. நல்லா இருக்கே உன் கதை."

"அதான் வேலையே."

சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் காலால் ஒரு பெடலை மிதிக்க வேண்டும்; பெடல் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் தையல் மெஷினில் ஒரே சீராக மிதிப்பவள் இங்கேயும் அப்படியே மிதித்தாள். கோட்டின் தொடக்கம் ஒட்டாமலும் முடிவு ஓட்டையாகவும் வந்தது. "துணி சூடாகாது வாசே, இது சூடாகும்," என்றான். "ஆரம்பத்துல நல்லா மிதி. பளபளன்னு கண்ணாடி மாதிரி ஒரு குட்டை வர்ற வரைக்கும் கம்பியைக் காட்டவே காட்டாதே. வந்த பிறகு ஒரு சொட்டு, நகரு. ஒரு சொட்டு, நகரு. போகப் போகத் தகடு சூடேறும், காலை லேசாக்கு. கடைசியில வெடுக்குனு காலை எடுக்காதே. இன்னொரு சொட்டு குடுத்துட்டு மெல்ல எடு. டார்ச்சை அங்கேயே பிடிச்சுக்கிட்டு நில்லு, ஆர்கான் நிக்கற வரைக்கும். இல்லேன்னா நடுவுல விரிசல் விழும்."

வெல்டு முழுக்க ஊசிக் குத்தல் போல ஓட்டைகள் வந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க இரண்டு மதியங்கள் ஆயின. எங்கள் ஊர் ஈரம் ஒரு காரணம், தகடே வியர்த்திருக்கும். சூடு காட்டி உலர்த்து, அசிட்டோன் போட்டுத் துடை என்றான். அப்படியும் ஓட்டை வந்தது.

"எந்த பிரஷ் போடறே?"

"அடுப்படியில இருக்கற கம்பி பிரஷ்."

"மீன் சட்டி தேய்க்கறதா?"

அவள் பிரஷை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"லிவாய் படகுக்கு மீன் வாசனை ஏற்கெனவே இருக்கு, நீ வேற சேர்க்காதே," என்று எமோசி சொன்னான். அது அவன் சொன்ன முதல் ஜோக். அவள் அதை அன்றைக்குத் தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். எமோசியா சொன்னான் என்று யாருமே நம்பவில்லை.

மூன்று மாதத்தில் அவள் கை படிந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் அதன் நுணுக்கம் தெரியாது. ஆனால் லிவாயின் பட்டையில் அவள் போட்டிருந்த கோடு, வரிசையாகச் சில்லறைகளைச் சாய்த்து அடுக்கினாற்போல இருந்தது. லிவாய் படகில் ஏறி அந்தப் பலகைமேல் குதித்தான்.

"மதினி, படகு உடைஞ்சாலும் இந்தப் பட்டை மட்டும் மிதக்கும்."

"அப்போ அதைப் பிடிச்சுக்கிட்டு நீந்தி வாங்க."

ஏணி வந்தது, படகுக் கைப்பிடி வந்தது, சர்ச் சமையலறையின் பெரிய அண்டா வந்தது. பெட்ரோல் டேங்கை மட்டும் அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். உள்ளே ஆவி நின்றால் வெடிக்கும், அதைத் தொட்டால் நான் கப்பலேறி வந்துவிடுவேன் என்று எமோசி மிரட்டியிருந்தான். அவன் வருவதாயிருந்தால் தொட்டுப் பார்க்கலாமா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியதாம்.

அண்டாவின் படத்தை அனுப்பிய மதியம் அவன் வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா இருக்கு," என்றான்.

அவள் காத்திருந்தாள்.

"வேற?"

"வேற என்ன? நல்லா இருக்கு. சாப்பிட்டியா?"

மறுநாளும் நல்லா இருந்தது. அதற்கு மறுநாளும். அழைப்பு பழையபடி இரண்டு நிமிஷத்துக்குச் சுருங்கியது. மழையா? மழைதான். சரி. அவள் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். கை வந்த வேலை; ஆனால் எதற்காகக் கற்றுக்கொண்டாளோ அது கையை விட்டுப் போய்விட்டது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, நேராகப் போய்க்கொண்டிருந்த கோட்டின் நடுவே, டங்ஸ்டன் முனையை அவளே குட்டையில் இறக்கினாள். கரி பறந்தது. படம் எடுத்து அனுப்பினாள்.

"ஐயோ, என்னாச்சு?" என்று எமோசி கேட்டான். அந்தக் குரலில் உயிர் வந்துவிட்டிருந்தது. "முழங்கையை எங்கே வைக்கறே? காட்டு. மேசையில சுண்டு விரலை வச்சு நகர்த்து…" முக்கால் மணி நேரம் பேசினான்.

அதற்கப்புறம் அவள் யோசித்து யோசித்துத் தப்புச் செய்தாள். ஒரு நாள் கம்பியை அதிகமாகக் கொடுத்தாள். ஒரு நாள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். ஒரு நாள் மீன் சட்டி பிரஷையே எடுத்துத் தேய்த்தாள். ஊராருக்குச் செய்கிற வேலையில் குறை வராது. போனுக்கு அனுப்புகிற துண்டில் மட்டும் குறை வரும். ஆரம்பத்திலிருந்து கெட்டுப்போன துண்டுகளையெல்லாம் ஒரு வாளியில் போட்டு வைத்தாள். தூக்கி எறிய மனசில்லை. ஒவ்வொன்றும் ஒரு மதியம்.

டிசம்பரில் எமோசி வந்தான். நாடி விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் போய்க் கூட்டி வந்தாள். இளைத்திருந்தான். கழுத்தில் வெயில் சுட்ட கருப்பு. மாலை போட்டு, முகத்தோடு முகம் வைத்து முகர்ந்து, பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பஸ் முழுக்க அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் கை அவன் கையில் இருந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை.

வீடு நிறைய ஆட்கள். மண்குழியில் பன்றியும் கிழங்கும் வெந்தன. அசெனதா குழந்தையோடு வந்துவிட்டாள். சாயங்காலமானால் யங்கோனா வட்டம். அவன் கை தட்டினான், குடித்தான், சிரித்தான். காலையில் கூரையின் ஓட்டையை அடைத்தான், அக்காள் வீட்டுக்குப் போனான், மத்தியானம் தூங்கினான். மதியம் ஒரு மணி ஆகும்போது அவள் தன்னையறியாமல் போனைப் பார்த்தாள். அது ஒலிக்கப் போவதில்லை. கூப்பிடுகிறவன் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் வீட்டுல இருக்கும்போதே அவனுக்காக ஏங்கினேன்," என்று பிறகு என்னிடம் சொன்னாள். "யார்கிட்டச் சொல்றது இதை? சிரிப்பாங்க."

அவன் திரும்பிப் போக ஒரு வாரம் இருந்தது. ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். விரிகுடாவின் எதிர்க் கரை தெரியாத மழை. வாசெமதா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து எமோசி கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தாள். வாளி காலியாக இருந்தது. அவளுடைய துண்டுகளையெல்லாம் மேசைமேல் வரிசையாக அடுக்கியிருந்தான். தேதி எதுவும் எழுதவில்லை. ஆனாலும் வரிசை சரியாக இருந்தது.

"இது நிஜம்," என்று ஒன்றைத் தொட்டான். "இதுவும் நிஜம். இது ஆர்கான் இல்லாம போட்டது. இது சட்டி பிரஷ்." விரல் நகர்ந்து வந்து நின்றது. "இது பொய்."

அவள் வாசலிலேயே நின்றாள்.

"தெரியாம முனை பட்டா கை தானா பின்னாடி இழுக்கும். கரி ஒரு பக்கமாத்தான் சிதறும். இதுல பாரு, வட்டமா இருக்கு. தொட்டு, வச்சு, எடுத்திருக்கே. இந்தப் பக்கம் நாலு சொட்டும் அந்தப் பக்கம் நாலு சொட்டும் ஒரே அளவு. கத்துக்கறவளுக்கு இது வராது."

"எப்போ தெரிஞ்சுது?"

"முதல் தடவையே."

"அப்புறம் எதுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினே?"

எமோசி துண்டை எடுத்துத் துடைத்தான். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"நீ கேட்டுக்கிட்டு இருந்தியே," என்றான்.

மழை தகரத்தில் அடித்த அடியில் அவன் சொன்னது பாதிதான் கேட்டது. அவள் உள்ளே வந்து பக்கத்தில் நின்றாள்.

"வேலை செய்யறப்போ யோசிச்சு வச்சுக்குவேன்," என்றான். "நாளைக்கு என்ன தப்பு பண்ணுவா, நான் என்ன சொல்றதுன்னு. கூட இருக்கற டோங்காக்காரன் கேட்டான், தினமும் யாருக்குப் பாடம் எடுக்கறேன்னு. பெண்டாட்டிக்குன்னேன். அவ அவ்வளவு மக்கான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொன்னேன்."

அவள் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு நெற்றியை அந்த முதுகிலேயே வைத்துக்கொண்டாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"ஒண்ணு போடு, பார்க்கறேன்," என்றான் எமோசி.

அவள் கையுறை மாட்டி ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டாள். தகடு சுத்தம், கம்பி சுத்தம், முனை கூர். பெடலை மிதித்தாள். குட்டை பளபளத்தது. ஆனால் தோளுக்குப் பின்னால் அவன் நிற்கிறான். கை இறங்கி, முனை நிஜமாகவே தொட்டுவிட்டது. கரி ஒரு பக்கமாகச் சிதறியது.

அவள் ஹெல்மெட்டைத் தூக்கினாள். அவன் ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் ஒரு தப்பும் சொல்லவில்லை. ஒரு கவிழ்த்த வாளியை இழுத்துப் போட்டு அவள் அருகில் உட்கார்ந்தான். சமைக்க நேரமாகும்வரை இரண்டு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவன் போய்விட்டான். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவள் வீட்டுக்கு வந்து அவன் தலையணை உறையை மாற்றாமல் வைத்திருந்தாள்.

அதற்கப்புறம் அவள் பொய்த் தப்பு எதுவும் அனுப்பவில்லை. போனில் முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருந்தது. எமோசி தொண்டையைச் செருமுவான், நிறுத்துவான். ஒரு மதியம் திடீரென்று, "இங்கே கூரைமேல ஒரு கூழைக்கடா வந்து உக்காருது," என்றான்.

"பெரிசா?"

"பெரிசு. நான் சாப்பிடறதையே பார்க்குது. அதோட மூஞ்சி அப்படியே லிவாய்."

அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்குத் தைரியம் வந்தது போல. கூழைக்கடாவைப் பற்றிச் சொன்னான். டோங்காக்காரன் தூக்கத்தில் பாடுவதைச் சொன்னான். அங்கே சூரியன் கடலுக்குள் விழுகிறது, பார்க்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்து முடித்ததும் வீடு எந்தப் பக்கம் என்று முதுகைத் திருப்பி நிற்பேன் என்று ஒரு நாள் சொன்னான். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

மார்ச் மாதம் தளத்தில் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கிறாயா என்று கேட்டார்களாம். "நீ என்ன சொல்றே?" என்று அவளிடம் கேட்டான். அத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் நியாயமான பதில் நாலைந்து மனசில் வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, "வந்துடு," என்றாள்.

"ஒப்பந்தம் முடியணும்."

"முடிச்சிட்டு வந்துடு."

"சரி."

ஜூலையில் அவன் வேலை செய்த கப்பலைக் கடலில் இறக்கினார்கள். வீடியோ அனுப்பினான். அவள் கொட்டகையில் அதைத் தன் போனில் காட்டினாள். நானும் லிவாயும் எட்டிப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று பெரிய கப்பல். அவன் போட்ட வெல்டு எல்லாம் பெயின்ட்டுக்கு அடியில். கரையில் நூறு பேராவது ஒரே மாதிரி மஞ்சள் சட்டை, ஒரே மாதிரி தொப்பி. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"இதுல அண்ணனை எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று லிவாய் கேட்டான்.

கப்பல் சரிந்து தண்ணீரில் இறங்கியது. எல்லாரும் கைகளைத் தூக்கிக் கத்தினார்கள். வாசெமதா வீடியோவை நிறுத்தி, கூட்டத்தின் ஓரத்தில், கையைத் தூக்காமல் ஒரு தோளைச் சற்றே தாழ்த்தி நின்ற ஒருவன்மேல் விரலை வைத்தாள். விரலை அங்கிருந்து எடுக்க அவளுக்கு வெகு நேரமாயிற்று.